பேட்டரி சுமப்பவர்கள்

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுகிறவரைப் படமெடுக்க எல்லோருக்கும் ஆசை. அவருக்குப் பின்னால் பேட்டரியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வருகிற பையனை யாரும் எடுப்பதில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் விடிந்த பிறகு கொஞ்ச நேரம் நின்றால் அப்படி வருகிறவர்களைப் பார்க்கலாம். நாட்டுப்படகுகள் பலவற்றில் இருப்பது கையால் சுற்றிக் கிளப்புகிற சின்ன டீசல் இன்ஜின். அதில் மின்சாரம் உண்டாக்க ஒன்றும் கிடையாது. இரவெல்லாம் ஜி.பி.எஸ்.ஸுக்கும், ஆழமும் மீனும் காட்டும் எக்கோவுக்கும், வயர்லெஸ்ஸுக்கும் விளக்குக்கும் கொடுத்து ஓய்ந்த பேட்டரி, வீட்டுக்கோ கடைக்கோ வந்து சார்ஜ் ஏறித்தான் மறுபடி கடலுக்குப் போக வேண்டும்.

அக்கா மகன் புதிதாக ஃபைபர் வள்ளம் இறக்குகிறான். "மாமா, எந்த பேட்டரி போட? நூறு ஆம்பியர் போதுமா?" என்று கேட்டான். நூறு போதும், போதாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு அப்பா அப்படிப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

துறைமுகச் சாலையில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பேட்டரிக் கடை இருந்தது. மரப் பலகைத் தட்டில் லாரி பேட்டரி, விசைப்படகு பேட்டரி, டிராக்டர் பேட்டரி எல்லாம் மூடி திறந்தபடி வரிசையாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது செல்லுக்குள் கொப்புளம் வெடிக்கும் மெல்லிய சத்தம், தொண்டையைக் கரகரக்கவைக்கும் அமில நெடி. அப்பாவின் லுங்கிகள் எல்லாவற்றிலும் ஓட்டை. கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை வைத்த ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்றால் நிறைந்திருக்கிறது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்றால் காலி. ஆறு செல்லில் ஐந்து ஏறி ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் அந்த பேட்டரியைத் தனியே ஒதுக்கிவிடுவார். பன்னிரண்டு வோல்ட் என்று வெளியே எழுதியிருப்பது, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுச் சொச்சம் தரும் ஆறு அறைகளின் கூட்டு. ஓர் அறை படுத்தால் மற்ற ஐந்தையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

புது பேட்டரி கேட்டு வருகிறவரிடம் அப்பா வைக்கிற முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எத்தனை ஆம்பியர்ங்கிறத பொறவு பாப்போம். எங்க வச்சு சார்ஜ் போடுவிய, யாரு தூக்குவா, அதச் சொல்லுங்க." அண்ணாச்சி வியாபாரம் தெரியாதவர் என்று சிலர் நினைத்திருக்கலாம். இத்தனை வருடம் கழித்து யோசித்தால், படகுக்கு பேட்டரி தேர்ந்தெடுக்க இதைவிடச் சரியான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. எடுத்த மின்சாரத்தை அன்றன்றைக்குத் திருப்பி ஊற்ற வழியில்லையென்றால் எவ்வளவு பெரிய பேட்டரியும் சில மாதத்தில் செத்துப்போகும்.

அம்மாவின் அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தாத்தா பாய் விரித்து ஓடினவர். கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்க, பனிமய மாதா கோயில் கோபுரமும் கரையிலிருக்கும் வேறோர் அடையாளமும் ஒன்றுக்கொன்று நேர்வரும் இடம் பார்ப்பார். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி பார்த்து இடத்தை முடிவு செய்வார். ஆழத்துக்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு. ராத்திரிக்கு ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு டார்ச்லைட். டார்ச் மங்கினால் கட்டைகளைக் கழற்றி வெயிலில் காயவைப்பார். சூட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்து இன்னும் ஓரிரு ராத்திரி எரியும். அவர் வலையில் எப்போதாவது ஒரு திருக்கை வரும், தொட்டால் முழங்கை வரைக்கும் மரத்துப்போகும். அதைத் துடுப்பால் தள்ளி விடுவாராம். கைபடாமல் தள்ள வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

கல்லூரியில் வோல்டாவைப் பற்றிப் படித்தபோது அந்தத் திருக்கைதான் நினைவுக்கு வந்தது. 1800இல் வோல்டா தம் முதல் மின்கலத்தை அறிவித்து லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், அதை அந்த மீனின் உடம்பிலிருக்கும் மின் உறுப்போடு ஒப்பிட்டு, செயற்கை மின் உறுப்பு என்றார். வெள்ளி, துத்தநாக வட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் அவர் வைத்தது உப்புநீரில் நனைத்த அட்டை. உலகின் முதல் பேட்டரி, மீனைப் பார்த்து, உப்புத்தண்ணீரில் ஊறிப் பிறந்தது. அதன் வழிவந்த பேட்டரிக்கு இன்று கடலில் பெரிய எதிரி அதே உப்புத்தண்ணீர் என்பது என்னை எப்போதும் யோசிக்கவைக்கிற விஷயம்.

எதிரி என்றால் சாதாரண எதிரி இல்லை. அமிலம் ஊற்றிய பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் மிகவும் பயந்த விஷயங்களில் அதுவும் ஒன்று. அடைத்த அறைக்குள் சார்ஜ் போட்டால் ஹைட்ரஜன் சேர்ந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். விசைப்படகின் இன்ஜின் அறையில், தண்ணீர் தேங்கும் அடித்தட்டில் பேட்டரியை வைத்திருப்பதைப் பார்த்தால் அப்பா வேறெந்தப் பேச்சும் பேசமாட்டார். முதலில் அதை மேலே ஏற்றச் சொல்வார்.

விசைப்படகுக்காரர்களின் பாடு வேறு. அவர்களுக்கு இன்ஜினோடு ஆல்டர்னேட்டர் உண்டு, ஓட ஓட ஏறிக்கொள்ளும். அவர்கள் கொண்டுவந்த புகார் இன்னொன்று: "இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுதப்பல்லாம் ஜி.பி.எஸ். அணைஞ்சு அணைஞ்சு வருது அண்ணாச்சி." ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற நொடியில் பேட்டரியின் வோல்ட் பத்துக்கும் கீழே விழும்; அதே பேட்டரியில் தொங்கும் கருவி அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வலை போட்ட இடத்தைக் குறித்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று டிரைவர்களைக் கேட்க வேண்டும்.

அப்பாவின் தீர்ப்பு: இன்ஜினைக் கிளப்ப ஒன்று, கருவிகளுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. உள்ளே திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கிளப்புகிற பேட்டரியில் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்வது அதன் வேலை. அதைப் போய் ராத்திரி முழுக்க ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியராக அடிவரை வடியவிட்டால் தகட்டிலுள்ள பசை உதிர்ந்து கீழே சேறாகத் தங்கிவிடும். ஆழமாக வடிந்து ஆழமாக ஏறத் தடித்த தகடு வேண்டும், அல்லது பசையைக் குழாய்களுக்குள் அடைத்த டியூபுலர் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது பெரும்பாலும் டியூபுலர்தான். அதைப் படகில் வைத்தவர்களும் உண்டு. உழைக்கும், ஆனால் உயரமானது, படகு சாய்ந்தால் அமிலம் வழியும், நூற்றைம்பது ஆம்பியர் பெட்டி ஐம்பது கிலோவைத் தாண்டும். அமரத்தில் இன்ஜின் கனத்தோடு அதுவும் சேர்ந்தால் சின்ன வள்ளம் பின்பக்கம் அமிழ்ந்துதான் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், டிரைவர் ஊருக்குப் போய்விடுவார், வலை பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். பேட்டரியை யாரும் நினைப்பதில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் அது தானாகவே வடியும். பாதி வடிந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. ஜூன் நடுவில் கடை வாசலில் கூட்டம் நிற்கும். போன மாதம் நல்லாத்தானே இருந்தது என்பார்கள். தடை தொடங்கும்போதே நிறைய ஏற்றி, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒரு தடவை ஊட்டிக்கொடுத்தால் பிழைத்திருக்கும். எத்தனையோ வருடம் அப்பா இதையே சொன்னார். சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் பேட்டரியை நிழலான கடை மூலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், அந்த இடத்துக்கு அப்பா வாடகை வாங்கியதில்லை.

ஈய பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சாகப்போவதை முன்கூட்டியே சொல்லும். விளக்கு மங்கும், வயர்லெஸ்ஸில் குரல் கரகரக்கும், எக்கோவின் திரை வெளிறும். பெரிய மாமா கருவி எதையும் பார்க்காமல் விளக்கின் நிறத்தைப் பார்த்தே, "போதும், திருப்பு" என்பாராம். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும்; 12.1, 12.2 என்றால் பாதி தீர்ந்தது. அந்தப் பாதிக்குக் கீழே இறக்காதே என்பதுதான் ஈயத்தின் சட்டம். நூறு ஆம்பியர்-மணி என்று வாங்கினால் உனக்குரியது ஐம்பது. அந்த நூறுகூட இருபது மணி நேரத்தில் நிதானமாக எடுத்தால்தான். அவசரமாக இழுத்தால் இன்னும் குறையும். பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897இலேயே இதற்குக் கணக்குப் போட்டுவைத்தார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். கரைக்கு எட்டாத தூரம். வயர்லெஸ் என்று நாம் சொல்லும் வி.எச்.எஃப். நேர்கோட்டில் போகும் அலை. பூமி வளைந்திருப்பதால் சில பத்து கிலோமீட்டருக்குமேல் படகிலிருந்து கேட்காது. புயல் எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்த வாரம் குமரிக் கடற்கரைத் தேவாலயங்களில் பெண்கள் உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு அம்மா சாப்பிடாமலே இருந்தார்.

அதற்குப் பிறகு பேட்டரியைப் பற்றி நான் யோசிக்கிற விதமே மாறியது. மீன் எங்கே, பார் எங்கே என்று காட்டுகிற கருவிக்கு மின்சாரம் போனால் ஒரு நாள் பாடு போகும். "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று சொல்கிற கருவிக்கு மின்சாரம் போனால் போவது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் தொங்கவிடக் கூடாது. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதலே புழக்கத்தில் இருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், அழைப்பு வந்து சேர்ந்தது என்ற பதிலும் கடலில் இருப்பவனுக்குத் திரும்ப வரும். ஒரு லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். எல்லாம் நல்லது, வரட்டும். ஆனால் தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது கீழே இருக்கும் பெரிய பேட்டரி. தனக்குள்ளேயே பேட்டரி வைத்த, மிதக்கக்கூடிய, கையடக்க வயர்லெஸ் ஒன்று முன்பக்க அணியத்திலோ மேல்கூரையிலோ எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். அதை ஒவ்வொரு தடவையும் சார்ஜ் போட்டே எடுத்துப்போக வேண்டும். அக்கா மகனிடம் நான் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். அபாய அழைப்புக்கான பதினாறாவது சேனலை எந்நேரமும் திறந்துவை, வேறு எதை அணைத்தாலும் அதை அணைக்காதே என்றேன்.

அப்புறம்தான் நூறு ஆம்பியர் பேச்சுக்கு வந்தோம். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாயங்காலம் போய் விடியலில் திரும்பும் பன்னிரண்டு மணி நேரத் தொழில். ஜி.பி.எஸ்.ஸும் எக்கோவும் சேர்ந்த ஒரே திரை, ஓர் ஆம்பியர் வைத்தால் பன்னிரண்டு. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியர், அது ஆறு. பேசும்போது மட்டும் ஐந்து ஆம்பியருக்குமேல் இழுக்கும். மொத்தமாக அரை மணி நேரப் பேச்சு என்றால் இரண்டரை. பழைய குண்டு பல்பு இருந்த காலத்தில் கொடிமர விளக்கு ஒன்றே பேட்டரியைத் தின்றுவிடும், இப்போது எல்.இ.டி., இரவு முழுக்க எரிந்தால் மூன்று. வலை வாங்கும்போது தளத்து விளக்கு நாலு மணி நேரம், ஆறு. போன் சார்ஜுக்கு இரண்டு. கூட்டினால் முப்பத்திரண்டு ஆம்பியர்-மணிக்குப் பக்கம்.

ஈயமாக இருந்தால் இதை இரட்டித்து, பழசாகும்போது குறைவதற்கும் இடம் விட்டு, எண்பதோ நூறோ வேண்டும். ஆக நூறு என்று அவன் சொன்னது சரிதான். ஆனால் நூறு என்றால் முப்பது கிலோ. கடலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, மணலில் ஏறி, தெருவைத் தாண்டி வீட்டுக்கு. கூட வருகிற பையனுக்கு வயது பதினெட்டு. அப்பாவின் இரண்டாவது கேள்வி எனக்கு அங்கேதான் வந்து நின்றது: யார் தூக்குவா?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் அதே வேலைக்கு ஐம்பது ஆம்பியர்-மணி போதும், ஏனென்றால் அதில் எண்பது சதவீதத்துக்குமேல் பயமில்லாமல் எடுக்கலாம். எடை ஆறு கிலோவை ஒட்டி. முறையாக வைத்தால் இரண்டாயிரம் தடவைக்குமேல் ஏறி இறங்கும். பாதி வடிந்து கிடந்தாலும் ஈயத்தைப் போல் தகடு இறுகிக் கெடாது. நிற்கும் மின்சார ஸ்கூட்டரில் தீப்பிடித்த செய்திகளைப் படித்துப் பயந்துபோய் அக்கா கேட்டார், கடலில் எரிந்தால் எங்கே ஓடுவது என்று. நியாயமான பயம். லித்தியம் என்று சொல்லப்படுவதில் பல வகை உண்டு. இந்த இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் கொதித்து எரிவதில்லை. 1997இல் இதை உலகுக்குச் சொன்ன கட்டுரையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து குட்இனஃபின் பெயருக்கு முன்னால் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. குட்இனஃபுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது நம் ஊரில் அந்த இருவரைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கினேன்.

ஆனாலும் பெரிய மாமா நம்பிய அந்த மங்கல் இதில் கிடையாது. கடைசி வரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரே சீராக நிற்கும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கும் காவல் மின்சுற்று இனி முடியாது என்று ஒரு நொடியில் துண்டித்துவிடும். திரை, விளக்கு, வயர்லெஸ் எல்லாம் ஒன்றாகப் போகும். நடுக்கடலில் இது சின்ன விஷயமில்லை. வோல்ட்மீட்டர் உதவாது, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிச் சதவீதமாகக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கூடவே பொருத்த வேண்டும். அதை வாங்கக் காசில்லையென்றால் ஈயமே போடு என்று அவனிடம் சொன்னேன். பழைய செல்களைப் பொறுக்கிக் கட்டி மலிவாக விற்கும் பெட்டிகளின் பக்கம் போகவே வேண்டாம். பழைய ஈய சார்ஜரில் சல்பேட் கரைக்க வோல்ட்டை ஏற்றும் வசதி இருந்தால் அதையும் இதில் மாட்டக் கூடாது.

விசைப்படகு வைத்திருக்கும் சித்தப்பா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தனக்கும் லித்தியம் என்றான். அவனுக்கு வேண்டாம் என்றேன். அவனிடம் ஆல்டர்னேட்டர் இருக்கிறது, யாரும் சுமக்க வேண்டியதில்லை, தண்ணீர் தேங்காத உயரத்தில் வைத்தால் ஈயத்தின் கனம் அந்தப் படகுக்கு ஒரு பொருட்டில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக லித்தியத்துக்கு ஏற்றினால் அது அளவுக்குமேல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிப் பழுதாக்கும். ஓடும்போது காவல் சுற்று துண்டித்தால் எகிறும் வோல்ட்டில் கருவிகளும் போகும். நடுவில் தனிச் சார்ஜர் வைக்க வேண்டும். அவனுக்கு நல்ல ஈய பேட்டரி இரண்டு போதும், கிளப்ப ஒன்று, கருவிக்கு ஒன்று.

வயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அப்பா மன்னிக்கமாட்டார். ஐந்து ஆம்பியர் ஓட்டத்துக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரை ஐந்து மீட்டர் தூரம் இழுத்தால், போய்த் திரும்புவதற்குள் அரை வோல்ட்டுக்குமேல் வயரே தின்னும். நாலு சதுர மில்லிமீட்டரில் அது கால் வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரி மங்குகிறது என்று கடைக்கு வந்த எத்தனையோ பேருக்கு, பேட்டரி நன்றாக இருந்தது. பச்சை பூத்த முனையும் மெல்லிய வயரும்தான் குற்றவாளி. ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும், ஏனென்றால் வயர் எங்காவது உரசி ஒன்றோடொன்று தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்குமேல் பாயும், ஃபைபர் பற்றி எரியும். முனையை முறுக்கிய பிறகு வாஸ்லீன் பூச வேண்டும், முன்னால் பூசக் கூடாது. தாமிரக் கம்பிக்குமேல் வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் அதுதான் கடலுக்கு.

இந்த உப்பரிப்பை ஆராயவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு கடற்கரை நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டிக் கடற்காற்றில் நிறுத்தி, எது எவ்வளவு வேகத்தில் அரித்துப்போகிறது என்று அளப்பார்கள். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம், 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது. ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் அப்பா பேருந்து ஜன்னல் வழியாக மண்டபத்தைக் காட்டி, இந்தக் காத்துல இரும்பு எத்தன நாள் இருக்குங்கிறதுக்கே தனியா படிச்சவங்க இருக்காங்க என்பார். அந்தப் படிப்பு திரேஸ்புரத்துப் பையன்களின் கைக்கு, ஒரு தாளில் தமிழில் எழுதிய பத்து வரியாகவாவது வந்து சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. வயர் எது, ஃப்யூஸ் எங்கே, எவ்வளவு வடியவிடலாம். பேட்டரி விற்கிற கடைகள் பலவற்றில் இதைச் சொல்ல ஆளில்லை.

வள்ளம் அடுத்த வாரம் இறங்குகிறது. ஐம்பது ஆம்பியர்-மணி லித்தியம், சதவீத மீட்டர், நீர் புகாத பெட்டி, நாலு சதுர மில்லிமீட்டர் வயர், கையடக்க வயர்லெஸ் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போனான். கூரையில் நூறு வாட் சோலார் தகடு வைக்கலாமா என்றும் கேட்டான். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து முப்பது ஆம்பியர்-மணி தரும், அவன் தேவையை ஏறக்குறைய அடைத்துவிடும். வலை சிக்காத உயரத்தில் வைத்து, உப்புப் படலத்தைத் தினமும் நல்ல தண்ணீரால் துடைக்க முடியுமென்றால் வை என்றேன். பழைய வள்ளத்தில் கிடந்த ஈய பேட்டரியை என்ன செய்ய என்பது அவனுடைய கடைசிக் கேள்வி. உடைத்து ஈயத்தை உருக்கி வலைக்குண்டு வார்க்கலாம் என்று கரையில் யாரோ சொன்னார்களாம். வேண்டாம் மாப்ள, அந்தப் புகையும் அமிலமும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது, புது பேட்டரி வாங்குகிற கடையில் எடை போட்டுக் கழித்துக்கொள்வார்கள், முனையில் டேப் சுற்றி நிமிர்த்தி வைத்து எடுத்துப் போ என்று சொல்லி அனுப்பினேன்.